ஆட்டுத்தோலை வீட்டில் பதப்படுத்தலாமா? முதலில் முடியை இழுத்துப் பாருங்கள்

கேள்வி: பக்ரீதுக்கு அறுத்த ஆட்டின் தோலை முடியோடு விரிப்பாக்க ஆசை. வியாசர்பாடியில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டேன். பலகை மாதிரி விறைத்துவிட்டது, நாற்றமும் அடிக்கிறது. பெரியமேட்டுப் பக்கம் ஒருவர் "கொடுங்க, பவுடர் போட்டுத் தர்றேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் வயிற்றுப் பக்கத்தில் ஒரு கொத்து முடியைப் பிடித்து இழுங்கள். கையோடு வந்தால் பாக்டீரியா வேரைத் தின்றுவிட்டது. அங்கே இனி எந்த மருந்தும் முடியை நிறுத்தாது. வராவிட்டால் தோல் பிழைக்கும்.

நாற்றத்துக்குக் காரணம் வெயில்தான். மேல்பக்கம் காய்ந்து மூடிக்கொள்ள, உள்ளே ஈரம் நின்று அழுகுகிறது. சென்னை வெக்கையில் உரித்த மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் தோலின் உட்புறம் முழுக்கக் கல் உப்பு பூசியிருக்க வேண்டும். இரண்டு கிலோ தோலுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் உப்பு, அதுவும் நிழலில். ஒரே விதிவிலக்கு ஃப்ரீசர். ஆனால் சூடான தோலை அப்படியே சுருட்டி வைத்தால் மேலே உறையும், நடுவில் அழுகிக்கொண்டே இருக்கும். முதலில் விரித்துப் போட்டுச் சூடு முழுக்க ஆறிய பிறகுதான் சுருட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் உடனே உப்பு போட வேண்டும். இதில் அவசரப்பட்டுக் கெடுத்தவர்கள் நிறைய.

தரகர் விஷயம். என் அக்கா மகன் இப்படித்தான் வெள்ளை ஆட்டுத்தோலைக் கொடுத்துவிட்டு, வேறொரு பழுப்புத் தோலை வாங்கி வந்தான். ஓரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே நீலச்சாம்பல். அதாவது குரோமியம் போட்டு மொத்தமாகப் பதனிட்ட சரக்கு. அந்தப் பச்சைப் பவுடரை வீட்டில் நீங்களும் தொடாதீர்கள். கழிவுநீரை எங்கே ஊற்றுவீர்கள்? பாலாற்றை நாசம் செய்ததற்காக 1996-இல் உச்ச நீதிமன்றமே தோல் ஆலைகளைக் கண்டித்தது. ஒற்றைத் தோலோடு வருகிறவரை ஆலைகள் மதிப்பதில்லை. அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. பேட்டைக்கு ஒரு சிறு பட்டறை இருந்தால் இந்தத் தரகர்களிடம் யார் போவார்கள்?

சரி, உங்கள் தோலுக்கு வருவோம். லிட்டருக்கு 50 கிராம் கல் உப்பு கரைத்த தண்ணீரில் இளகும்வரை ஊற வையுங்கள், ராத்திரி முழுக்க விட வேண்டாம். உருண்டையான கட்டையில் போட்டு, மொக்கைக் கத்தியால் சவ்வையும் கொழுப்பையும் தள்ளி எடுங்கள். கூர்மையான கத்தி தோலைக் கிழிக்கும். சவ்வு மிச்சமிருந்தால், தோலைப் பதப்படுத்த அடுத்துப் போடப்போகும் படிகாரம் உள்ளே இறங்காது. கையுறை கட்டாயம். நோயில் செத்த ஆட்டின் தோல் என்றால் தொடவே வேண்டாம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமி தோலில் பல வருடம் உயிரோடு இருக்கும்.

அப்புறம் பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் தண்ணீர், அரை கிலோ படிகாரம், கால் கிலோ உப்பு. வெதுவெதுப்பாகக் கரைத்து, ஆறிய பிறகே தோலைப் போடுங்கள். தினம் இரண்டு முறை கிளறி, மூன்று, நான்கு நாள் கழித்து ஓரத்தை வெட்டிப் பாருங்கள். உள்வரை ஒரே வெள்ளையாக இருந்தால் போதும். நிழலில் பாதி காய்ந்ததும் மேசை விளிம்பில் இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். கை வலிக்கும், ஆனால் விட்டுவிட்டால் மறுபடி பலகைதான். மெல்லிசாக முட்டை மஞ்சள் கரு தடவினால் மென்மை வரும்.

விரிப்பு தயாரான பிறகு தண்ணீரில் மட்டும் நனைக்காதீர்கள். படிகாரம் கரைந்து வெளியேறி, மறுபடி பச்சைத் தோலாகிவிடும்.