வாசகர் கேள்வி – பதில்: தற்கொலைத் தடுப்புக்கு ஒத்திகை விளையாட்டு

கேள்வி: மனம் உடைந்த மாணவனிடம் எப்படிப் பேசுவது என்று ஆசிரியர்கள் பழக, கணினியில் ஓர் உரையாடல் விளையாட்டு செய்யப்போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒரு மாணவன், ஓர் உரையாடல், கால் மணி நேரம் போதும். ட்வைன் என்ற இலவசக் கருவியில் நிரல் தெரியாமலே செய்துவிடலாம்.

ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று பதில்கள் வையுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: ஒன்று கொடூரம், ஒன்று அசட்டுத்தனம், ஒன்று சரி என்று எழுதிவிடுகிறார்கள். யாரும் தவறு செய்ய மாட்டார்கள், எதுவும் கற்கவும் மாட்டார்கள். மூன்றுமே நல்ல ஆசிரியர் வாயில் வரக்கூடியவையாக இருக்கட்டும்: “உனக்கென்னப்பா குறை?”, “எல்லாம் சரியாயிடும்”, “ரெண்டு வாரமா நீ யாரோடவும் பேசறதில்லை, என்ன ஆச்சு?” முதலிரண்டில் எதைத் தொட்டாலும் பையன் “ஒண்ணுமில்ல சார்” என்று வாயை மூடிக்கொள்ள வேண்டும். சிவப்புப் பெருக்கல் குறி வேண்டாம். அவன் மௌனமே மதிப்பெண். பின்னால் போய் மாற்றிச் சொல்ல வழி விடுங்கள்.

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று அவன் கேட்கும் இடம் அவசியம். பாசக்கார ஆசிரியர்கள் அங்கே விழுந்துவிடுவார்கள். உயிர் விஷயத்தில் ரகசிய வாக்குறுதி கூடாது.

நடுநாயகமான கட்டம், “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்பது. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. சொடுக்கினால் மட்டும் போதாது. திரையை மூடிவிட்டு, இருவர் இருவராக அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு அங்கேதான் தடுக்கும்.

கடைசிக் கட்டம்: தனியே விடாமல் ஆலோசகரிடம் நேரில் ஒப்படைப்பது. தவறான தேர்வுக்குத் தண்டனையாக மரணத்தைக் காட்டாதீர்கள். தற்கொலை வழிமுறையைச் சொல்லவே கூடாது. விளையாடுபவருக்கே பழைய காயம் இருக்கலாம். எல்லாத் திரையிலும் ‘நிறுத்து’ பொத்தானும், டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416-ம் இருக்கட்டும்.

கேள்வி: இதையே மாணவர்களுக்கும் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அவர்களுக்கானது வேறு வகை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸ்பார்க்ஸ்’ ஏழு கட்டங்கள் கொண்ட கற்பனை உலக விளையாட்டு. எதிர்மறை எண்ணங்களை அடையாளம் கண்டு மாற்றப் பழக்குகிறது. மனச்சோர்வு அறிகுறிகளோடு உதவி நாடிய, 12 முதல் 19 வயதுள்ள 187 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான சிகிச்சைக்கு அது சளைத்ததல்ல என்று 2012இல் வெளியான முடிவு சொன்னது. ஆனால் தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் பெரிய ஆபத்தில் இருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு விளையாட்டு அல்ல, உடனே ஆள் தேவை.