சோழர் காலத் தோற்றத்தில் ஒரு புகைப்படத் தொடர்: உடை, அணி, கைப்பொருள் குறித்த கேள்வி பதில்

சோழர் காலத்து மனிதர்களாக உறவினரையோ நண்பர்களையோ அலங்கரித்துப் படம் எடுக்க விரும்புவோர் கேட்ட கேள்விகளுக்கு, மேடை நாடகங்களுக்கும் விளம்பரப் படங்களுக்கும் கைப்பொருள் செய்துவருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பலர் ஒன்றையே கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, எதிலிருந்து தொடங்க வேண்டும்? உடை முதலிலா, நகையா, இடமா?

படத்தை முதலில் காகிதத்தில் வரையுங்கள். எத்தனை படங்கள், ஒவ்வொன்றிலும் ஆள் முழு உருவமாகத் தெரிகிறாரா, இடுப்பு வரையா, முகம் மட்டுமா என்பது முடிவான பிறகே கத்தரியைக் கையில் எடுக்க வேண்டும். இருபதடி தூரத்தில் நிற்கப்போகும் காவலனின் தோள்வளைக்கு அட்டையும் தங்க நிறக் காகிதமும் தாராளமாகப் போதும். அரசியின் முகத்தை நெருங்கி எடுக்கப்போகிறீர்கள் என்றால் அவர் காதில் தொங்கும் குழைக்கு மட்டும் மூன்று மாலைப்பொழுதுகளைச் செலவிட்டாலும் தகும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: படத்தில் கால்வாசிகூடத் தெரியாத சிம்மாசனத்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, கழுத்தணியைக் கடைசி நாளில் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

கேள்வி: உடை, நகைக்கு எதை ஆதாரமாக வைத்துக்கொள்வது? திரைப்படங்களைப் பார்த்துச் செய்யலாமா?

திரைப்படத்தைப் பார்த்தால் திரைப்படத்தின் நகல்தான் வரும். நமக்கு நேரடியான சான்றுகளே நிறைய இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றின் அச்சுப் படங்களைப் பார்த்தால் துணியின் மென்மை, கொண்டை வகைகள், இடையணிகள் எல்லாம் தெளிவாகத் தெரியும். அடுத்தது செப்புத் திருமேனிகள். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகனரையும் (காளையின் மேல் சாய்ந்து நிற்கும் கோலத்தில் உள்ள சிவன்) அருகிலுள்ள தேவியையும் முன்னால் மட்டும் பார்த்துவிட்டு நகராமல், பக்கத்திலிருந்தும் முடிந்தவரை பின்புறமும் பாருங்கள். துணியின் முடிச்சு எங்கே விழுகிறது, கழுத்தணி முதுகில் எப்படி முடிகிறது என்பதை வேறெந்தப் படமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. மூன்றாவதாக, இராசராசன் கோயிலுக்கு அளித்த நகைகளைப் பட்டியலிடும் கல்வெட்டுகள் உள்ளன. ஏகாவல்லி (ஒற்றைச் சர மாலை), திருப்பட்டிகை (இடையணி) என்று பெயரோடும் எடையோடும் முத்து, மாணிக்கம், பவழம் எனப் பதித்த கற்களோடும் அவை அச்சில் கிடைக்கின்றன.

கேள்வி: அரசனாக நடிக்கும் என் தம்பிக்கு வாடகைக் கடையில் ஒரு பெரிய கிரீடமும் மார்புக் கவசமும் பார்த்து வைத்திருக்கிறேன். பொருந்துமா?

கவசத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தகடு தகடாக மின்னும் அந்தக் கவசம் நம் சிற்பங்களில் எதிலும் இல்லை. வெறும் மார்பும் அதன் மேல் பூணூல் போல் குறுக்கே ஓடும் அணியும் தோள்வளையும்தான் உள்ளன. கிரீடமும் கட்டாயமில்லை. பெரிய கோயில் ஓவியத்தில் இராசராசன் என்றும் அவர் குருவாகக் கருதப்படும் கருவூர்த் தேவர் என்றும் பொதுவாக அடையாளம் காட்டப்படும் இருவரில் அரசரின் தலையில் மகுடம் கிடையாது, முடிந்த கொண்டைதான் இருக்கிறது. நல்ல கொண்டையும் அதில் ஒரு மணிச்சரமும் உங்கள் தம்பியை, ஒரு கிலோ எடையுள்ள தகரக் கிரீடத்தை விடக் கம்பீரமாகக் காட்டும்; அவர் கழுத்தும் வலிக்காது.

கேள்வி: நகைகளை வீட்டிலேயே செய்ய என்ன பொருள் ஏற்றது? செய்முறையைச் சற்று விரிவாகச் சொல்லுங்கள்.

தோள்வளை, இடுப்புப் பட்டிகை, மகுடம் போன்ற அகலமான பொருள்களுக்கு 5 மி.மீ. கனமுள்ள ஈவா ஃபோம் (ரப்பர் போல் வளையும் மெத்தென்ற தாள்) ஏற்றது. வடிவத்தை முதலில் செய்தித்தாளில் வெட்டி ஆளின் கையில் சுற்றிப் பார்த்த பிறகே ஃபோமில் வெட்டுங்கள். வெட்டிய துண்டின் மேல் ஹீட் கன்னை (சூடான காற்றை வீசும் கருவி) சீராக நகர்த்தினால் அதன் நுண்துளைகள் மூடி, மேற்பரப்பில் மெல்லிய பளபளப்பு தோன்றும். அந்தக் கணத்தில் ஒரு புட்டியின் மேல் சுற்றிப் பிடித்தால் வளைவு அப்படியே நிலைத்துவிடும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற பசையை இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் படப்பிடிப்பு நடக்கும்போது வெயிலில் பிரிந்து தொங்கும்.

இனி வேலைப்பாடு. தஞ்சாவூர் ஓவியர்கள் புடைப்புக்குப் பயன்படுத்தும் மக்குதான் இதற்கும் வழி. சுக்கான் மாவையும் (சுண்ணாம்புக்கல் பொடி) ஃபெவிகாலையும் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, மருதாணிக் கூம்பில் நிரப்பி, கொடியும் மணியும் முத்துவரிசையுமாக ஃபோமின் மேல் இழுங்கள். ஓரிரவு காயட்டும். பிறகு முழுவதையும் கறுப்பு அக்ரிலிக்கால் மூடி, அது உலர்ந்ததும், ஏறக்குறைய வறண்ட தூரிகையில் தங்க நிறத்தைத் தொட்டுப் புடைப்புகளின் மேல் மட்டும் தடவுங்கள். குழிகளில் கறுப்பு நிற்பதால்தான் பொருளுக்கு வயதும் கனமும் வருகிறது. இறுதியாகத் தண்ணீர் கலந்த பழுப்பு நிறத்தைப் பூசி உடனே துணியால் துடைத்தெடுத்தால் மஞ்சள் பளிச்சிடல் அடங்கிவிடும்.

கற்களில் கவனம் தேவை. பல பட்டைகள் தீட்டி வைரம் போல் ஒளிரும் கற்கள் அந்தக் காலத்துக்கு உரியவையல்ல. உருண்டைத் தலையுள்ள சிவப்பு, பச்சைக் கண்ணாடிக் கற்களையே வாங்குங்கள். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளில் பதிக்கும் கெம்பு (சிவப்புக் கல்) அந்தத் தோற்றத்துக்கு நெருக்கமானது. வெள்ளை மலரணிகளை நெட்டியில் (நீர்ச்செடி ஒன்றின் வெண்மையான தண்டுச்சோறு) செய்யலாம். தஞ்சையில் இந்த வேலையைப் பரம்பரையாகச் செய்வோர் இருக்கிறார்கள். நெட்டிப் பூ வாடாது, எடையும் இராது.

கேள்வி: தெர்மோகோலில் சிங்க முகம் செதுக்கி ஸ்பிரே பெயிண்ட் அடித்தேன். முகமே கரைந்துவிட்டது. ஏன்?

ஸ்பிரே பெயிண்டில் உள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். செதுக்கிய பிறகு ஃபெவிகாலில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிக் காயவிட்டு, வெடிப்போ இடைவெளியோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, அதன் மேல் வண்ணம் அடியுங்கள்.

கேள்வி: பெண்களுக்கு ரவிக்கை அணிவிக்கலாமா? இல்லையென்றால் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இன்று நாம் அணியும் வெட்டில் தைத்த ரவிக்கை அக்காலச் சிற்பங்களில் கிடையாது. ஆனால் கச்சு உண்டு. திருமாலின் இருபுறமும் நிற்கும் தேவியரில் திருமகளுக்கு மார்புக் கச்சு காட்டுவது மரபு. ஆகவே வெளுக்காத பருத்தித் துணியில் உறுதியான உள்துணி வைத்துக் கச்சு தைத்து, அதன் மேல் மெல்லிய மேலாடையும் அகலமான கழுத்தணியும் அமைத்தால் சான்றுக்கும் பழுதில்லை, அணிபவருக்கும் கூச்சமில்லை. அணிபவரின் வசதிதான் முதன்மையானது. கூச்சத்தோடு நிற்பவரின் தோள் இறுகிவிடும், அதை எந்த நகையாலும் மறைக்க முடியாது. துணிக்கு அவுரி நீலம், மஞ்சள், சாயவேர்ச் சிவப்பு ஆகிய நிறங்களை ஒட்டியே செல்லுங்கள். ரோஸ் நிறச் செயற்கைப் பட்டு வேண்டாம்.

கேள்வி: மூக்குத்தி, புல்லாக்கு?

வேண்டாம். சோழர் செப்புத் திருமேனிகளில் மூக்கணி காணப்படுவதில்லை. நடன நகைத் தொகுப்பை வாங்கினால் அவை சேர்ந்தே வரும், எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய கோயில் ஒன்றின் முன்னால் எடுக்க எண்ணுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அனுமதி. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் முக்காலியும் விளக்கும் வைத்து எடுக்க முன்கூட்டியே எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும். வழிபாடு நடக்கும் கோயில்களில் நிர்வாகத்தைக் கேட்காமல் வேடத்தோடு நுழைவது முறையுமல்ல. அடுத்தது பின்னணியின் காலம். வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்கள் நிறைந்த வானளாவிய கோபுரங்களில் பெரும்பாலானவை சோழருக்குப் பிற்பட்டவை. தஞ்சைப் பெரிய கோயிலின் பெரிய நந்தியும் நாயக்கர் காலத்தது. என்னைக் கேட்டால், ஊருக்கு வெளியே உள்ள பாறையோ குளக்கரையோ போதும். ஒரு கல்தூண் தேவைப்பட்டால் ஃபோமில் செய்துவிடலாம்.

ஆனால் பாறையருகில் நிற்கும் மரங்களைப் பாருங்கள். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். சீமைக்கருவேலம், தூங்குமூஞ்சி மரம், காகிதப்பூ, நாகலிங்கம் எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்தும், தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தன. அலங்காரத்துக்குத் தொங்கவிடும் கேந்திப்பூச் சரமும் மெக்சிகோவின் கொடைதான். பனை, ஆல், அரசு, புன்னை ஆகியவற்றின் அருகில் நில்லுங்கள். மல்லிகை, தாமரை, தாழம்பூ சூடுங்கள். விருந்துக் காட்சி என்றால் அன்னாசி, பப்பாளி, கொய்யா, மிளகாய் எதுவும் தட்டில் இருக்கக் கூடாது. மாவும் பலாவும் வாழையும் கரும்பும் வெற்றிலையும் தாராளமாக இருக்கலாம்.

கேள்வி: தாத்தாவின் உண்மையான வாள் ஒன்றும் மயிலிறகு விசிறியும் வீட்டில் உள்ளன. பயன்படுத்தலாமா?

வாளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கூர்மையான நீண்ட வாளைப் பொது இடத்துக்கு எடுத்துச் சென்றால் ஆயுதச் சட்டத்தின்படி விளக்கம் சொல்ல வேண்டி வரலாம்; அதைவிட, வேடம் கட்டிய உற்சாகத்தில் யாராவது வீசிப் பார்ப்பார்கள் என்பதே என் அச்சம். ஒட்டுப்பலகையில் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, அலுமினியத் தாளை ஒட்டி, மேலே கறுப்பு மை தடவித் துடைத்தால் படத்தில் இரும்பாகவே தெரியும். மயிலிறகைப் பொறுத்தவரை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தானாக உதிர்ந்த இறகுக்கு விலக்கு இருக்கிறது. புலித்தோல் விரிப்புக்கு மட்டும் அச்சிட்ட வெல்வெட் துணியையே நாடுங்கள்.

கேள்வி: குத்துவிளக்கு ஒளியிலேயே எடுக்க ஆசை. நகை எல்லாம் கறுத்துப்போகிறது, ஃபிளாஷ் போட்டால் வெளுத்துப்போகிறது. என்ன செய்யலாம்?

பொன் பூச்சு தன் எதிரில் இருப்பதையே திருப்பிக் காட்டும். எதிரில் இருட்டு இருந்தால் நகையும் இருட்டாகும். ஃபிளாஷின் சிறிய புள்ளி இருந்தால் நகையிலும் ஒரு வெள்ளைப் புள்ளிதான் விழும். ஆகவே ஆளுக்கு எதிரே பக்கவாட்டில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் மங்கலான மஞ்சள் எல்.இ.டி. விளக்கை வையுங்கள். அந்த வேட்டி முழுவதும் ஒளிர்ந்து நகையின் ஒவ்வொரு புடைப்பிலும் மென்மையான கோடாக விழும். குத்துவிளக்கின் சுடர் படத்தில் தெரிந்தால் போதும், வெளிச்சம் தரும் வேலையை வேட்டி பார்த்துக்கொள்ளும். கேமராவின் வெண்சமநிலையை (ஒளியின் நிறத்தைச் சரிசெய்யும் ‘ஒயிட் பேலன்ஸ்’ அமைப்பு) தானியங்கியில் விடாமல் 3200 கெல்வின் அளவில் நிறுத்துங்கள். தானியங்கி அந்த மஞ்சளைத் துடைத்தெடுத்துவிடும். நெட்டியும் ஃபோமும் எளிதில் தீப்பற்றுபவை என்பதால் விளக்கின் அருகில் ஒரு வாளி மணலும், அதையே கவனிக்க ஓர் ஆளும் வேண்டும்.

கேள்வி: கைக்கடிகாரத் தழும்பு, மின்கம்பி போன்றவற்றைப் பிறகு கணினியில் அழித்துவிடலாமே?

அவற்றை அழிக்கலாம். ஆள் நகர்ந்த பிறகு, முக்காலியை அசைக்காமல் அதே சட்டத்தில் வெறும் பின்னணியை ஒருமுறை எடுத்து வைத்தால் அந்த வேலை பாதியாகக் குறையும். ஆனால் ஒளி வந்த திசையையும் துணி விழுந்த மடிப்பையும் கணினியில் திருத்துவது பெரும்பாடு. ஊக்கு வெளியே தெரிகிறதா, நகப்பூச்சு இருக்கிறதா, புருவத்தில் இன்றைய திருத்தம் தெரிகிறதா என்று படம் எடுக்கும் முன் ஒருவர் நின்று பார்த்தால் அந்த வேலையே இராது. அந்தப் பொறுப்பைப் புகைப்படக்காரரிடம் கொடுக்காமல், உடை உடுத்திவிட்டவரிடமே கொடுங்கள்.