மிஸ்ஸியைக் கேளுங்கள்

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை கிளினிக்குகளில் தாதியாக (மிஸ்ஸியாக) வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: மிஸ்ஸி அக்கா, நான் பாயான் லெப்பாஸில் ஆப்பரேட்டர். கிளீன்ரூம் (தூசி புகக்கூடாத அறை) வேலை, 12 மணி நேர ஷிப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. எனக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது. இரவு ஷிப்ட் வாரத்தில் தூக்கமே இல்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். கம்பெனியில் ‘வெல்னஸ் வாரம்’ என்று சும்பா, தியான வகுப்பெல்லாம் நடத்துகிறார்கள். தியானத்தில் சேரலாமா?
– பெயர் வேண்டாம், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தாராளமாகச் சேர், தங்கச்சி. ஆனால் அது அப்புறம். ஒரு ஷிப்டில் எத்தனை தடவை பாத்ரூம் போகிறாய்? அதை நீ எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

கிளீன்ரூமில் நிற்பவள் பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையுறை, முகமூடி, தலையை மூடும் ஹூட், கால்வரை வரும் சூட், பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, காற்றால் தூசியை ஊதித் தள்ளும் ஏர் ஷவரில் நின்று உள்ளே நுழைய வேண்டும். அதற்குள் லைன் லீடர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்திருப்பார். இந்த வம்பே வேண்டாம் என்று நம் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஷிப்டுக்கு முன்னால் அரை கப் மைலோ, அதோடு சரி. பிறகு கிளினிக் கவுண்டரில் வந்து, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, “மிஸ்ஸி, கீழே எரியுது” என்பார்கள். சோதனைக்குக் கொடுக்கும் குப்பியைப் பார்த்தாலே போதும், தே ஓ (பால் ஊற்றாத தேநீர்) நிறத்தில் இருக்கும். மருந்து கொடுத்தால் கேட்கும். அடுத்த மாதம் அதே ஆள் அதே கவுண்டரில் நிற்பார்.

எனவே முதல் வைத்தியம் தண்ணீர்தான். இடைவேளைக்கு வெளியே வரும்போதெல்லாம் ஒரு முழு கிளாஸ் குடி. அவசரம் வந்தால் அடக்காதே. இதற்கு லைனில் உன் இடத்தில் நிற்க ரிலீவர் வேண்டும். அதை நீ ஒருத்தியாகப் போய்க் கேட்காதே, உன் லைனில் இதே தொல்லை இருக்கிற இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள். டாக்டரைப் பார்க்கும்போது, “சிறுநீர் கழிக்க அவ்வப்போது வெளியே அனுப்ப வேண்டும்” என்று சூப்பர்வைசருக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கு. வெட்கப்படாதே. வாயால் சொன்னால் முகம் சுளிப்பவர்கூட கிளினிக் முத்திரையைப் பார்த்தால் பைலில் வைத்துக்கொள்வார்.

இடைவேளை யாரும் போடும் பிச்சை இல்லை. 1955 வேலைச் சட்டப்படி, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் 30 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். நிறுத்தவே முடியாத வேலை என்றால் 8 மணி நேரம் வரை போகலாம், அதற்குள் சாப்பாட்டுக்கென்று மொத்தம் 45 நிமிடமாவது விட வேண்டும். சூட்டைக் கழற்றி மாட்டுவதிலேயே அந்த 30 நிமிடத்தில் பாதி கரைகிறது என்றால், ரிலீவர் கேட்கப் போகும்போது அதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. கடுப்போடு குளிர்காய்ச்சல், விலாப் பக்கம் முதுகுவலி, வாந்தி இருந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் நேரே செபராங் ஜெயா மருத்துவமனைக்குப் போ. இன்னொன்று, நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். நம் இந்தியர்களிடம் இந்த நோய் எவ்வளவு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்).

இனி தூக்கம். காலை 7 மணிக்கு வேலை முடிந்து, பஸ்ஸில் பாலம் தாண்டி வீடு சேர எட்டரை ஆகிவிடும். வருகிற வழியில் முகத்தில் அடிக்கிற வெயில்தான் உன் உடம்புக்கு “விடிந்துவிட்டது, எழுந்திரு” என்று சொல்கிறது. பஸ் ஏறும்போதே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள். பக்கத்துச் சீட்டுக்காரி ‘சினிமா ஸ்டார்’ என்று கிண்டல் செய்வாள், செய்யட்டும். காப்பியை இரவு இரண்டு மணியோடு நிறுத்து, அது இறங்க நேரம் பிடிக்கும். இறங்கிய இடத்தில் ரொட்டி சானாயை வயிறு முட்ட அடைத்துவிட்டுப் படுக்காதே, நெஞ்செரிச்சல் எழுப்பிவிடும். ஜன்னலுக்கு வெளிச்சம் புகாத தடித்த திரை போடு. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் ஒரு தூக்கம், சாயங்காலம் கிளம்புமுன் ஒன்றரை மணி நேரம் இன்னொன்று. இரண்டாகப் பிரித்துத் தூங்கினாலும் தூக்கம் தூக்கம்தான்.

இதையெல்லாம் கெடுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான். “பகலில் சும்மாதானே இருக்கே” என்று போன் பண்ணும் நாத்தனார், மார்க்கெட்டுக்குத் துணை கேட்கும் மாமியார். காலை பத்து மணி உனக்கு நடுராத்திரி என்று அவர்களிடம் பட்டென்று சொல். பள்ளி நம்பரைத் தவிர மற்ற அழைப்பெல்லாம் சைலன்ட்டில் இருக்கட்டும். மத்தியானம் பிள்ளைகளை யார் ஏற்றி வருகிறார்கள்? உன் கடிதத்தில் வீட்டுக்காரர் என்று ஒருவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே. இருந்தால், அந்த வேலையை அவரிடம் கொடு.

ஒரு மாதம் இப்படி இருந்து பார். தூக்கம் சரியானால் எரிந்து விழுவது பாதிக்குமேல் அடங்கும். தூங்கியும் மனம் கனத்தே கிடந்தால், எதற்கு உயிரோடு இருக்கிறோம் என்று தோன்றினால், அன்றைக்கே டாக்டரைப் பார். சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கும் பேசலாம். நள்ளிரவு தாண்டிவிட்டால் மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

வெல்னஸ் வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பார்த்தவரை சும்பா ஆட வருவது மாடியில் இருக்கும் ஆபீஸ் ஆட்கள்தான். லைனில் நிற்பவள் ஆட வர ரிலீவர் விட்ட கம்பெனியை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி: கணக்குத் துறையில் எக்ஸிகியூட்டிவ், சம்பளம் 4,500 வெள்ளி. பாஸ் நல்லவர்தான், ஆனால் இரவு 11 மணிக்கும் வாட்ஸ்அப் அனுப்புகிறார். நெஞ்சு படபடக்கிறது. சட்டத்தில் இடமுண்டா?
– ஜார்ஜ்டவுன் வாசகர்

பதில்: தம்பி, இரவில் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை என்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 2023 ஜனவரி முதல் வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி என்று குறைக்கப்பட்டது. அது உங்களுக்கும் பொருந்தும். 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குவதால் ஓ.டி. (ஓவர்டைம்) காசு மட்டும் கேட்க முடியாது. வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

சட்டத்தைத் தூக்குமுன் ஒன்று கேட்கிறேன். அவர் அப்போதே பதில் எதிர்பார்க்கிறாரா, மறந்துபோகாமல் இருக்க அனுப்பி வைக்கிறாரா? பல பாஸ்கள் இரண்டாவது ரகம். “ஆடிட் நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், மற்ற நாளில் காலை எட்டரைக்குப் பதில் தருகிறேன்” என்று நேரில் சொல்லிப் பாருங்கள். அதன்பின் பதினொரு மணிக்குப் பதில் போடாதீர்கள். ஒரு நாள் போட்டாலும் கதை பழையபடி ஆகிவிடும். படபடப்பு வேலை இல்லாத நாளிலும் வருகிறதா? அப்படியானால் ரத்த அழுத்தம் பாருங்கள்.

கேள்வி: எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போய்விடும். அதனால் காய்ச்சலோடு போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். மாத்திரை போட்டுக்கொண்டால் பரவாயில்லைதானே?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: பரவாயில்லையா? அண்ணே, சளிக்குக் கொடுக்கும் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை கண்ணைச் சொருகவைக்கும். நீங்கள் ஓட்டுவது பல டன் எடை, பின்னால் நடப்பவனுக்கும் குடும்பம் இருக்கிறது. சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு முதல் 2 வருடத்தில் ஆண்டுக்கு 14 நாள், 5 வருடம் வரை 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் படுத்தால் அதற்கு 60 நாள் தனி. எம்.சி. எடுத்ததை 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் சொல்லாமல் போனதாகக் கணக்கு. அலவன்ஸ் போவது வயிற்றெரிச்சல்தான், யூனியன் இருந்தால் அங்கே பேசுங்கள். மாத்திரை போட்ட அன்றைக்கு வண்டிச் சாவியைச் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு, கிடங்கில் சரக்கு எண்ணும் வேலையைக் கேளுங்கள்.