கெடிலம் ஆற்றில் ஒரே இடத்தில் காலையில் குறைவாக இருக்கும் ஃபெரஸ் இரும்பு (Fe²⁺, தண்ணீரில் எளிதில் கரையும் வடிவம்) நண்பகலில் ஏறுவது ஏன்?

வெயில்தான் முக்கியக் காரணம். ஆனால் வெயில் மட்டும் போதாது. இலைதழை மட்கி வரும் ஹ்யூமிக், ஃபல்விக் அமிலங்களும் தண்ணீரில் இருக்க வேண்டும். இவை ஃபெரிக் இரும்பை (Fe³⁺, ஓர் எலக்ட்ரான் குறைந்த வடிவம்) பற்றிக்கொண்டு கரைசலில் நிறுத்துகின்றன. அந்தப் பிணைப்பின் மேல் புற ஊதா ஒளியோ நீல ஒளியோ பட்டால், கரிமப் பொருளிலிருந்து ஓர் எலக்ட்ரான் இரும்புக்குத் தாவி அது ஃபெரஸ் ஆகிறது.

எதிர்த்திசையில், கரைந்த ஆக்சிஜனும் வெயிலிலேயே உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஃபெரஸை மீண்டும் ஃபெரிக் ஆக்குகின்றன. இங்கே பி.எச். (அமில-கார அளவு) தான் எல்லாம்: ஓர் அலகு கூடினால் ஆக்சிஜனால் நடக்கும் இந்த மாற்றத்தின் வேகம் சுமார் 100 மடங்கு. பி.எச். 6-ல் மணிக்கணக்கில் தாங்கும் ஃபெரஸ் 7-ல் நிமிடங்களில் போய்விடும். கடலூரில் கழிமுகத்தை நெருங்கும்போது கடல்நீர் கலந்து பி.எச். ஏறினால், நண்பகல் உச்சமும் தணியும்.

அளவீட்டிலேயே தவறு நேரலாம் என்பதையும் பாருங்கள். மாதிரி எடுத்தவுடன் 100 மி.லி.க்கு 2 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடி, கறுப்புத் துணியில் சுற்றுங்கள். அமிலம் சேர்த்த மாதிரி வெயிலில் கிடந்தால் பாட்டிலுக்குள்ளேயே ஃபெரஸ் உருவாகும். ஃபெரஸோடு சேர்ந்து ஆரஞ்சு-சிவப்பு நிறம் தரும் ஃபினாந்த்ரோலினைச் சேர்த்தபின் நிறத்தை 5 முதல் 10 நிமிடத்துக்குள் 510 நானோமீட்டரில் அளந்துவிடுங்கள்; தாமதித்தால் கணக்கு கூடிக்காட்டும்.

இரவிலும் ஃபெரஸ் குறையாமல் இருந்தால், கரையோர ஊற்றில் கசியும் ஆக்சிஜனற்ற நிலத்தடி நீரைச் சந்தேகியுங்கள். அங்கே பாறையில் செம்படிவம் தெரியும்.