தட்டில் பற்றுகிறது, குழலில் வெடிக்கவில்லை: .32 பிளின்ட்லாக்

கென்டக்கியில் அணில் வேட்டைக்குப் போன காலையில் உங்கள் .32 பிளின்ட்லாக்கில் (கல் உரசும் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய பாணித் துப்பாக்கி; குழல் விட்டம் .32 அங்குலம்) தட்டு மருந்து, அதாவது குழலுக்கு வெளியே சிறு தட்டில் இடும் வெடிமருந்து, பளிச்சென்று எரிந்தும் குழல் வெடிக்கவில்லை, வெடித்தாலும் தாமதமாகிறது என்கிறீர்கள். கல்லை மாற்றிப் பயனில்லை. தட்டு மருந்து பற்றுகிறது என்றாலே பொறி போதுமானது. கோளாறு தட்டிலிருந்து குழலுக்குள் நெருப்பு போகும் பக்கத் துளையிலோ அதற்குப் பின்னாலோதான்.

முதல் சந்தேகம் எண்ணெய். குழல் வாய் மேலாகச் சாய்த்து வைத்த துப்பாக்கியில் எண்ணெய் அடிக்கு இறங்கி மருந்தைக் கெடுக்கும். வாய் கீழாக வையுங்கள். மருந்து போடுமுன் ஆல்கஹால் நனைத்த துணியாலும், பிறகு உலர்ந்த துணியாலும் குழலைத் துடையுங்கள். துளையில் மெல்லிய கம்பி விட்டுக் கரியை எடுங்கள். துளை 1/16 அங்குலம் இருந்தால் சரி.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் தட்டை நிரப்பிவிடுவது. மருந்து துளையை மூடினால் திரி மாதிரி எரிந்து எரிந்துதான் நெருப்பு உள்ளே போகும்; அதற்குள் அணில் மரத்துக்கு மறுபக்கம் போய்விடும். தட்டுக்கு நான்கு எஃப் தூள் (மிக நுண்ணிய கருமருந்து) 3 கிரெயின் (சுமார் 0.2 கிராம்) போதும், துளைக்குக் கீழேயே நிற்கட்டும். குழலுக்கு மூன்று எஃப் கருமருந்து (அதைவிடச் சற்றுப் பருமனான தூள்) 20 கிரெயின். கருமருந்துக்கு மாற்றான பைரோடெக்ஸ் வேண்டவே வேண்டாம், பற்றுவதற்கு அதிகச் சூடு கேட்கும்.

ஈரக் காற்றில் கரி சேறாகும். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் தட்டையும் கல்லின் விளிம்பையும் துடையுங்கள். வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே ஒரு நிமிடமாவது பிடித்திருந்து, பிறகு தட்டு மருந்தை மாற்றுங்கள்.