மிஸ்ஸியிடம் மறைத்த கணக்கு

கேள்வி: என் மனைவிக்கு 13 வாரம். சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டில் அம்மாவோடு இருக்கிறோம். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க வேண்டும் என்கிறாள் மனைவி. வலி இல்லையே, படுத்திருந்தால் போதும் என்கிறார் அம்மா. போன வருடம் தாய்வீட்டில் இருந்தபோது ஐந்தாம் மாதத்தில் ஒன்று தவறிவிட்டது. அதைப் பேசினால் சகுனத்தடை என்று அம்மா சொன்னதால், கிளினிக்கில் சொல்லவில்லை. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தம்பி, அம்மாவா மனைவியா என்ற பஞ்சாயத்து இருக்கட்டும். "கிளினிக்கில் சொல்லவில்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதற்கு வாருங்கள்.

கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில், மிஸ்ஸி, அதாவது கிளினிக் நர்ஸ், எவ்வளவு ஆபத்து என்று காட்ட ஒட்டும் வர்ண ஸ்டிக்கர் எதை வைத்து என்று நினைத்தீர்கள்? பரிசோதனையோடு நீங்கள் சொல்வதையும் வைத்துத்தான். முதல் கர்ப்பம் என்று சொன்னால், சாதாரணக் கேஸ் என்று எழுதி அடுத்த தேதி கொடுத்து அனுப்புவார். அவர் மேல் தப்பில்லை. ஸ்பெஷலிஸ்ட்டுக்குக் கடிதம் கிடைக்க வழி செய்யும் ஒரே விஷயத்தை வீட்டோடு பூட்டி வைத்துவிட்டு, யார் பேச்சைக் கேட்பது என்று என்னிடம் கேட்கிறீர்கள்!

37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம். ஐந்தாம் மாதத்தில் ஒரு முறை போயிருந்தால் மறுபடியும் அப்படி ஆகும் வாய்ப்பு கூடும். அதனால்தான் 16 முதல் 24 வாரத்துக்குள் கருப்பை வாயின் நீளத்தை உள்வழி ஸ்கேனில், அதாவது பிறப்புறுப்பு வழியாக, அளந்து பார்க்கிறார்கள். 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் அந்த வாயில் தையல் போடலாம், அல்லது புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் மருந்தைப் பிறப்புறுப்புக்குள் வைக்கலாம். அந்த வாயின் நீளம் வலியே இல்லாமல் குறையலாம், தம்பி. உங்கள் அம்மா சொல்லும் "வலி இல்லையே" எதற்கும் சாட்சி ஆகாது. படுத்தே கிடப்பதால் குறைப்பிரசவம் நிற்பதும் இல்லை.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. பயந்து போயிருக்கிறார். ஆனால் பெற்றவளுக்கு அது "ஒன்று" இல்லை, அவள் பிள்ளை. அதை வாய்விட்டுச் சொல்லவும் விடாமல் வைத்திருப்பது குடும்பமா?

நாளைக் காலையிலேயே கிளினிக்குக் கூட்டிப் போங்கள். லீவு போடுங்கள். எத்தனை வாரத்தில் தவறியது, முதலில் நீர் உடைந்ததா, வலி வந்ததா, எல்லாம் அவளே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஸ்பெஷலிஸ்ட்டுக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அம்மாவிடம் விஷயத்தை நீங்களே சொல்லுங்கள், மருமகள் தலையில் கட்டாதீர்கள். நடுவில் நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, வயிறு இறுகி இறுகி விட்டாலோ தேதிக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.