கணவாயில் மேகம் இருந்தால் நுழையலாமா?

கேள்வி: தனியார் விமானி உரிமம் வாங்கி ஓராண்டு ஆகிறது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதிச் சான்று என்னிடம் இல்லை. நான்கு இருக்கை விமானத்தில் ஒரு மலைத்தொடரைக் கடக்க வேண்டும். கணவாயின் மேல் மெல்லிய மேகம் இருந்தால், ஜிபிஎஸ் திரையில் மலைகள் தெளிவாகத் தெரிவதால், மூன்று நிமிடம் மேகத்துக்குள் பறந்து மறுபக்கம் போய்விடலாமா?

பதில்: கூடாது. நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் அந்த மூன்று நிமிடம் மிக நீண்ட நேரம். 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில், கருவிவழிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே பார்க்க முடியாதபடி செய்து பறக்கவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. 20 விநாடியிலேயே தடுமாறியவரும் உண்டு.

உட்காதில் இருக்கும் திரவம்தான் நம்மை ஏமாற்றுகிறது. விமானம் மெல்லச் சாய்ந்தால் அது நமக்குத் தெரிவதே இல்லை. இறக்கைகள் மட்டமாக இருப்பதாகவே உடம்பு சொல்லும். உயரமானியோ உயரம் குறைவதாகக் காட்டும். உடனே விமானி மூக்கை மேலே இழுப்பார். ஏற்கெனவே சாய்ந்திருக்கும் விமானத்தில் அப்படி இழுத்தால் திருப்பம்தான் இறுகும், வேகம் கூடும், விமானம் சுருளாகக் கீழே பாயும். 2020 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கலபாசஸ் குன்றுகளில் ஒரு ஹெலிகாப்டர் மோதி 9 பேர் இறந்தார்கள். மேலே ஏறுவதாகக் கட்டுப்பாட்டு அறையிடம் சொன்ன விமானி, உண்மையில் இறங்கிக்கொண்டிருந்தார். கருவிவழிப் பறக்கும் தகுதிச் சான்று பெற்றவர் அவர்.

பாறை எங்கே இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் காட்டும். இறக்கைகளை மட்டமாக வைத்திருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

நுழைந்த பிறகு திரும்பிக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா? இந்தக் கணக்கைப் பாருங்கள். 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் 30 பாகை சாய்ந்து திரும்பினால் வட்டத்தின் குறுக்களவு சுமார் 3,000 அடி. மேகத்துக்குள் அவ்வளவு சாய்ப்பது பயிற்சியில்லாதவருக்கு ஆபத்து. 15 பாகைக்குள் மென்மையாகத் திரும்பினால் பிழைக்க வழியுண்டு, ஆனால் அதற்கு 6,000 அடிக்கும் மேல் அகலம் வேண்டும். பள்ளத்தாக்கில் அடங்கும் திருப்பத்தை மேகத்துக்குள் செய்ய முடியாது. மேகத்துக்குள் செய்யக்கூடிய திருப்பம் பள்ளத்தாக்கில் அடங்காது. உயரம் கூடக்கூட நிலைமை இன்னும் மோசமாகும். 10,000 அடியில் வேகமானி அதே 100 நாட் காட்டும்போது உண்மை வேகம் சுமார் 116 நாட். திருப்பத்தின் அகலம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும். எனவே வெளியே தெளிவாகத் தெரியும்போதே திரும்பிவிட வேண்டும்.

வானிலை அறிக்கையைப் படிப்பதிலும் பலர் தவறுகிறார்கள். அதில் வரும் மேக உயரம் அந்த விமான நிலையத்தின் தரையிலிருந்து அளந்தது. 2,000 அடி உயரத்தில் இருக்கும் நிலையம் மேகம் 3,500 அடியில் இருப்பதாகச் சொன்னால், கடல் மட்டத்திலிருந்து அது 5,500 அடி. கணவாய் 5,000 அடி என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 500 அடி இடைவெளி மட்டுமே. மலைச்சரிவில் மேலே தள்ளப்படும் ஈரக்காற்று அங்கேயே குளிர்ந்து மேகமாவதால், நிலையத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே முகடு மூடியிருக்கலாம்.

பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காமல் ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பறந்தால், திரும்ப முழு அகலமும் கிடைக்கும். முகட்டை நேராக நோக்கிப் போகாமல் 45 பாகைக் கோணத்தில் பக்கவாட்டாக அணுகுங்கள். பாதித் திருப்பத்திலேயே விலகிவிடலாம்.

அப்படியும் மேகத்துக்குள் சிக்கிவிட்டால், பார்வையை, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியில் பதித்து முதலில் இறக்கைகளை மட்டமாக்குங்கள். ஆட்டோபைலட் இருந்தால் இயக்குங்கள். தரையைத் தேடிக் கீழே இறங்காதீர்கள். பாதுகாப்பான உயரத்துக்கு ஏறுங்கள்; இடம் இருப்பது உறுதியென்றால் மட்டும் வந்த திசைக்கு மென்மையாகத் திரும்புங்கள். கட்டுப்பாட்டு அறையிடம் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டதைத் தயங்காமல் சொல்லுங்கள். தொடர்பு இல்லையென்றால் அவசர அலைவரிசை 121.5; ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் அவசரக் குறியெண் 7700.

புறப்படும் முன் வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே போய்ச் சேரும்போது கணவாய்க்கு அப்பாலுள்ள நிலம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும். உடன் வருபவர்களிடமும் மறுபக்கம் காத்திருப்பவர்களிடமும் அன்று வராமல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற எண்ணத்தால் உயிரிழந்த நல்ல விமானிகள் பலர்.